ஒரு சைபர் இடம் மாறினால்...

2015 மார்ச் 10. சிட்னி விமான நிலையத்தில் கோலாலம்பூருக்குப் புறப்படத் தயாராக நின்றது ஏர் ஏசியா எக்ஸ் நிறுவனத்தின் ஏர்பஸ் ஏ330 விமானம். புறப்படுவதற்கு முன் விமானத்தை வெளியே ஒரு சுற்று சுற்றிப் பார்ப்பது தலைமை விமானியின் வேலை. அன்று அவருக்குக் காதுக் கவசம் கிடைக்கவில்லை. அதனால் துணை விமானி கீழே இறங்கிப் போனார். துணை விமானி காக்பிட்டில் செய்ய வேண்டிய வேலைகளைத் தலைமை விமானி எடுத்துக்கொண்டார். அவற்றில் ஒன்று, விமானம் இப்போது பூமியில் எந்த இடத்தில் நிற்கிறது என்று கணினிக்குச் சொல்வது.

15109.8 கிழக்கு என்று அவர் தட்டியிருக்க வேண்டும். அதாவது 151 டிகிரி 9.8 நிமிடம், சிட்னியின் தீர்க்கரேகை. அவர் தட்டியது 01519.8. நடுவில் இருக்க வேண்டிய சைபர் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டது. 151 டிகிரி, 15 டிகிரியாகச் சுருங்கிவிட்டது. சிட்னியில் நிற்கும் விமானம் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனுக்கு மேற்கே அட்லாண்டிக் கடலில் இருப்பதாகக் கணினி எடுத்துக்கொண்டது. வித்தியாசம் சுமார் 11,000 கிலோமீட்டர்.

புறப்படும் முன்பே கணினி சில அறிகுறிகளைக் காட்டியது. இருவர் கண்ணிலும் அவை உறைக்கவில்லை. விமானம் மேலெழும்பி ஆட்டோ பைலட்டை இயக்கியதும் இடப்பக்கம் சாய்ந்தது. அந்தப் பக்கம் இருந்தது, இணையான இன்னொரு ஓடுபாதையிலிருந்து விமானங்கள் கிளம்பும் வழி. கட்டுப்பாட்டு அறை எச்சரித்தது. கோளாறைச் சரிசெய்ய விமானிகள் பறந்துகொண்டே முயன்றதில் மேலும் சில கருவிகள் செயலிழந்தன. சிட்னியில் மேகம் தாழ்ந்துவிட்டதால் கண்ணால் பார்த்து இறங்க வழியில்லை. தரையிலிருந்தவர்கள் திசை சொல்லச் சொல்ல, விமானம் மெல்போர்னில் பத்திரமாக இறங்கியது.

ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு 2016-இல் வெளியிட்ட அறிக்கை, எண் தப்பாகத் தட்டப்பட்டதோடு நின்றுவிடவில்லை. இத்தகைய பிழையைத் தடுக்கக்கூடிய மேம்பட்ட வழிகாட்டிக் கணினி அந்த விமானத்தில் பொருத்தப்பட்டிருக்கவில்லை என்பதையும் அது பதிவு செய்தது. மாற்றுவழி இருந்தும் அது காக்பிட்டுக்குள் வந்து சேரவில்லை.

பேச வேண்டிய விஷயம் இதுதான். வானில் வழிகாட்டிக் கணினி பிசகும்போதெல்லாம் 'விமானியின் தவறு' என்ற இரண்டு சொற்கள் முதலில் வந்து விழுகின்றன. கடைசியாகக் கணினியைத் தொட்ட விரல் அவருடையது என்பதால் பழியும் அவரிடமே போய்ச் சேருகிறது. நம்ப முடியாத ஓர் எண்ணைக் கணினி ஏன் ஏற்றுக்கொண்டது, அந்த எண்ணை மாற்றியவர் ஏன் சொல்லவில்லை, திருத்த முடியும் என்று தெரிந்தும் ஏன் திருத்தவில்லை என்ற கேள்விகள் பின்னுக்குப் போய்விடுகின்றன. கடந்த 45 ஆண்டுகளின் விபத்துகளை அடுக்கிப் பார்த்தால், உயிர்களைக் காத்தவை இந்தக் கேள்விகள்தான்.

எரிபஸ் மலையில்

1979 நவம்பர் 28. ஆக்லாந்திலிருந்து ஏர் நியூசிலாந்தின் டிசி-10 விமானம் அன்டார்க்டிகாவுக்குக் கிளம்பியது. பனிக்கண்டத்தை வானிலிருந்தே சுற்றிக் காட்டிவிட்டு அன்றைக்கே திரும்பிவிடும் உல்லாசப் பயணம். 237 பயணிகள், 20 ஊழியர்கள்.

இந்தப் பாதைக்கான எண்களை நிறுவனத்தின் தரைக் கணினியில் ஏற்றியபோது, 1978-இல் ஒரு கைப்பிழை நேர்ந்திருந்தது. கடைசிப் புள்ளியின் தீர்க்கரேகை 166 டிகிரி 48 நிமிடம் என்பதற்குப் பதிலாக 164 டிகிரி 48 நிமிடம் என்று பதிவானது. ஆறு, நான்காகிவிட்டது. இதனால் 3,794 மீட்டர் உயரமுள்ள எரிபஸ் எரிமலைக்கு மேலே போக வேண்டிய பாதை, மேற்கே நகர்ந்து மெக்மர்டோ வளைகுடாவின் உறைந்த கடலுக்கு மேலே அமைந்தது. சமதளமான, ஆபத்தில்லாத பாதை. ஓராண்டுக்கும் மேலாக விமானிகள் அதையே சரியான பாதை என்று எண்ணிப் பறந்தார்கள்.

விபத்துக்கு 19 நாட்களுக்கு முன் தலைமை விமானி ஜிம் காலின்ஸுக்கு அளிக்கப்பட்ட விளக்கக் கூட்டத்திலும் இதே எண்கள்தான் இருந்தன. பயணத்துக்கு முந்தைய இரவு அவர் வீட்டில் அட்லஸையும் வரைபடங்களையும் விரித்துவைத்துப் பாதையைக் குறித்துப் பார்த்தார் என்று அவர் குடும்பத்தினர் பின்னர் விசாரணையில் சொன்னார்கள். அந்த மேசையில் அவர் பென்சிலால் போட்ட கோடு கடலின் மேல் ஓடியது.

அதே இரவில், விடிவதற்கு முன், அலுவலகத்தில் எண் 'திருத்தப்பட்டது'. இடையில் பறந்துவந்த வேறொரு விமானி வேறுபாட்டைக் கவனித்துச் சொல்லியிருந்ததன் விளைவு அது. புதிய எண் பாதையைச் சுமார் 45 கிலோமீட்டர் கிழக்கே தள்ளி, மறுபடி எரிபஸ் மலையின் நேர்க்கோட்டில் கொண்டுபோய் வைத்தது. காலின்ஸிடம் யாரும் சொல்லவில்லை. காலையில் கையில் தரப்பட்ட தாளிலிருந்த எண்களை விமானிகள் ஒழுங்காகக் கணினியில் ஏற்றினார்கள். நீண்ட எண் வரிசைகளுக்கு நடுவே ஓரிரு இலக்கங்கள் மாறியிருந்தால் யார் கண்ணுக்குத் தெரியும்?

கணினி பிசகவே இல்லை. கொடுத்த புள்ளியை நோக்கித் துல்லியமாகப் பறந்தது. மேலே மேகமூட்டம், கீழே வெண்பனி, எதிரே வெண்மலை. நிழலும் விளிம்பும் இல்லாத அந்த வெளிச்சத்தில் மலைச்சரிவும் வானமும் ஒரே வெள்ளையாகக் கலந்துவிடும். எதிரே பரந்த சமவெளி இருப்பதாகவே கண்கள் சொல்லும். பயணிகள் பார்க்க வசதியாக விமானம் சுமார் 1,500 அடிக்கு இறங்கியிருந்தது. தரை நெருங்குகிறது என்ற எச்சரிக்கை ஒலித்து ஆறு வினாடிகளில் எரிபஸ் சரிவில் மோதியது. 257 பேரும் இறந்தார்கள்.

1980-இல் வந்த முதல் அறிக்கை காலின்ஸைக் குற்றம் சாட்டியது. இருக்குமிடம் உறுதியாகத் தெரியாமல் தாழப் பறந்தார் என்றது. மறு ஆண்டு நீதிபதி பீட்டர் மேஹன் தலைமையிலான அரச விசாரணை ஆணையம், விமானிகள் மீது பிழையில்லை என்றும், சொல்லாமல் பாதை எண்ணை மாற்றியதே முதன்மைக் காரணம் என்றும் தீர்மானித்தது. நிறுவன அதிகாரிகள் கூடி உண்மையை மறைத்தார்கள் என்ற அவருடைய முடிவை, அவர்களுக்குப் பதில் சொல்ல உரிய வாய்ப்புத் தரப்படவில்லை என்று சொல்லி 1983-இல் லண்டன் பிரிவி கவுன்சில் ஏற்கவில்லை. ஆனால் விபத்துக்கான காரணம் பற்றிய முடிவில் அது கைவைக்கவில்லை. நியூசிலாந்துப் பிரதமர் ஜசிந்தா ஆர்டன் அரசின் சார்பில் குடும்பங்களிடம் மன்னிப்புக் கேட்டது 2019-இல். நாற்பது ஆண்டுகள் ஒரு விமானியின் வீட்டார் அந்தப் பழியோடு வாழ்ந்திருக்கிறார்கள்.

ஒரே எழுத்து, இரண்டு ஊர்

எண்ணில் நடந்தது பெயரிலும் நடக்கும். 1995 டிசம்பர் 20 இரவு, மியாமியிலிருந்து கொலம்பியாவின் காலி நகருக்கு வந்துகொண்டிருந்தது அமெரிக்கன் ஏர்லைன்ஸின் போயிங் 757. இருபுறமும் மலைகள், நடுவே பள்ளத்தாக்கு. தாமதத்தைச் சரிக்கட்ட நேராக இறங்கலாம் என்று விமானிகள் முடிவு செய்தார்கள். அடுத்துச் செல்ல வேண்டிய 'ரோஸோ' என்ற வழிகாட்டி நிலையத்துக்குக் கையிலிருந்த வரைபடத்தில் 'ஆர்' என்ற ஒற்றை எழுத்தே அடையாளம். கணினியில் 'ஆர்' தட்டினால் பட்டியலில் முதலில் வந்தது, பொகோட்டா அருகே நெடுந்தொலைவில் இருந்த 'ரோமியோ' நிலையம். கணினியில் ரோஸோ வேண்டுமென்றால் முழுப் பெயரையும் தட்ட வேண்டும் என்று விமானிகளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

விமானம் இருட்டில் இடப்பக்கம் திரும்பி மலையை நோக்கிப் போனது. அவர்கள் தவறை உணர்ந்து மேலேற்ற முயன்றபோது வேகத்தைக் குறைக்கும் இறக்கைத் தகடுகள் விரிந்தபடியே இருந்தன. 163 பேரில் 159 பேர் உயிரிழந்தார்கள். பின்னர் மியாமி நீதிமன்றத்தில் ஜூரி பொறுப்பைப் பங்கிட்டது: விமான நிறுவனத்துக்கு 75 சதவீதம், வழித்தடத் தரவுகளைத் தந்த ஜெப்பசன் நிறுவனத்துக்கு 17, கணினியைச் செய்த ஹனிவெல்லுக்கு 8. விமானிகளின் அவசரத்தை அந்தத் தீர்ப்பு மறைக்கவில்லை. வரைபடத்தில் ஒரு பெயரும் கணினியில் வேறு பெயரும் வைத்தவர்களையும் தப்பவிடவில்லை.

இந்தப் பாடம் 28 ஆண்டுகளுக்குப் பிறகும் முழுசாகப் படிக்கப்படவில்லை. 2023 ஆகஸ்ட் 28, பிரிட்டனில் விடுமுறைக் கூட்டம் நிரம்பி வழிந்த நாள். லாஸ் ஏஞ்சலஸிலிருந்து பாரிஸ் செல்லும் ஒரு விமானத்தின் பயணத் திட்டம் பிரிட்டிஷ் வான்போக்குவரத்துக் கணினிக்கு வந்தது. அதில் 'டி.வி.எல்.' என்ற குறி இரண்டு முறை இருந்தது. ஒன்று பிரான்ஸின் டோவில், இன்னொன்று அமெரிக்காவின் நார்த் டகோட்டாவில் உள்ள டெவில்ஸ் லேக். இரண்டையும் பிரித்தறிய முடியாமல் கணினி தானாகவே நின்றுவிட்டது. அதற்குத் துணையாக இருந்த மாற்றுக் கணினியும் அதே தாளைப் படித்து அதே இடத்தில் நின்றது. 7 லட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் தவித்துப்போனார்கள். தெரியாததைத் தெரிந்ததுபோல் கடத்திவிடாமல் கணினி நின்றது பாதுகாப்பான செயல்தான். ஒற்றைத் தாளை ஒதுக்கிவைக்கத் தெரியாமல் மொத்தத்தையும் நிறுத்தியது வடிவமைப்பின் குறை.

கருவியே பொய் சொன்னால்

இதுவரை பார்த்தவற்றில் பிழையை ஏற்றியவர் மனிதர். கருவி தானாகவே பிசகியதும் உண்டு. 2008 அக்டோபர் 7, சிங்கப்பூரிலிருந்து பெர்த் சென்றுகொண்டிருந்தது குவான்டாஸ் நிறுவனத்தின் ஏ330. உயரம் 37,000 அடி; தெளிந்த வானம். விமானத்தின் இருப்பிடம், வேகம், உயரம், சாய்வு அனைத்தையும் கணித்துத் தரும் பெட்டிகள் மூன்று உண்டு. அவற்றில் முதலாவது திடீரென்று உளற ஆரம்பித்தது. உயரத்துக்கான எண், விமானத்தின் மூக்கு காற்றைச் சந்திக்கும் கோணம் என்ற முத்திரையோடு வெளியே வந்தது. மூக்கு ஆபத்தான அளவுக்கு மேலே தூக்கியிருக்கிறது என்று பறப்புக் கணினி நம்பி, அதைச் சட்டென்று கீழே அமுக்கியது.

பெல்ட் போடாமல் இருந்தவர்கள் கூரையில் போய் மோதினார்கள். மூன்று நிமிடங்களுக்குள் மறுபடி ஒரு முறை. 303 பயணிகளில் குறைந்தது 110 பேரும் 12 ஊழியர்களில் 9 பேரும் காயமடைந்தார்கள். தலைமை விமானி கெவின் சல்லிவன் கைப்பிடியைப் பின்னுக்கு இழுத்தும் முதல் கணங்களில் விமானம் கேட்கவில்லை. அவர் மனம் தளராமல் லெர்மன்த் விமானத் தளத்தில் விமானத்தை இறக்கினார்.

பொய்யான எண்ணை வடிகட்ட ஒரு சல்லடை அந்த மென்பொருளில் இருக்கத்தான் செய்தது. திடீரென்று ஓர் எண் எகிறினால், 1.2 வினாடி நேரம் பழைய எண்ணையே பிடித்துக்கொண்டிருக்கும். சரியாக 1.2 வினாடி கழித்து இரண்டாவது பொய் வந்தால் என்ன ஆகும் என்று வடிவமைத்தவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. அன்று அதுதான் நடந்தது. பெட்டி ஏன் உளறியது என்பதற்கான தூண்டுதல் மூன்றாண்டு விசாரணைக்குப் பிறகும் அகப்படவில்லை. ஆனால் சல்லடையின் ஓட்டை தெரிந்துவிட்டது. ஏர்பஸ் அதை அடைத்தது. பழியை யார் தலையிலாவது கட்டிவிட்டுப் போயிருந்தால் அந்த ஓட்டை இன்றும் இருந்திருக்கும்.

அதற்கு மூன்றாண்டு முன்பு, 2005 ஆகஸ்ட் 1 அன்று, பெர்த்திலிருந்து கிளம்பிய மலேசியா ஏர்லைன்ஸின் போயிங் 777 தானாகவே மூக்கைத் தூக்கி 41,000 அடி வரை ஏறியது. வேகம் ஆபத்தான அளவுக்குக் குறைந்தது. காரணம், முடுக்கத்தை அளக்கும் உணரி ஒன்று. அது 2001-லேயே பழுதாகி ஒதுக்கப்பட்டிருந்தது. நான்காண்டுகள் கழித்து இன்னொரு உணரியும் பழுதானபோது, மென்பொருள் பிழையால் கணினி பழைய பழுதையே மறந்து அந்த முதல் உணரியின் பேச்சைக் கேட்டது. மாற்று ஏற்பாடு இருக்கிறதே என்று பழுதை அப்படியே விட்டுவைப்பது எவ்வளவு தூரம் இழுத்துச் செல்லும் என்பதற்கு இது சாட்சி.

செயற்கைக்கோளும் ஏமாறும்

1983 செப்டம்பர் 1 அன்று கொரியன் ஏர்லைன்ஸின் போயிங் 747, அலாஸ்காவின் ஆங்கரேஜிலிருந்து சியோல் செல்லும் வழியில் பாதை விலகி சோவியத் வான்பரப்புக்குள் போனது. சகாலின் தீவருகே போர் விமானம் அதைச் சுட்டு வீழ்த்தியது. 269 பேர் இறந்தார்கள். ஆட்டோ பைலட் வழிகாட்டிக் கணினியோடு இணையாமல் நிலையான ஒரே திசையில் பறந்துகொண்டிருந்ததும், ஐந்து மணி நேரத்துக்கும் மேலாக அதை யாரும் கவனிக்காததும் காரணம் என்று சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 1993 அறிக்கை சொன்னது. அந்தத் துயரத்தை அடுத்துத்தான் அமெரிக்க அதிபர் ரீகன், ராணுவத்துக்கென உருவாகிவந்த ஜிபிஎஸ் வசதி பொதுமக்களின் விமானங்களுக்கும் திறந்துவிடப்படும் என்று அறிவித்தார்.

இன்று அந்த ஜிபிஎஸ்தான் குறிவைக்கப்படுகிறது. போர் நடக்கும் பகுதிகளில் செயற்கைக்கோள் சமிக்ஞையைப்போலவே பொய்ச் சமிக்ஞையை அனுப்பி ட்ரோன்களைத் திசைதிருப்புகிறார்கள். மேலே போகும் பயணிகள் விமானமும் அதை நம்பிவிடுகிறது. கடிகாரம் மாறுகிறது; இருப்பிடம் நழுவுகிறது; கடலுக்கு மேல் பறக்கும்போது 'மலை வருகிறது, மேலே ஏறு' என்று எச்சரிக்கை அலறுகிறது. பொய் எச்சரிக்கைகளைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போகும் விமானி, உண்மையான எச்சரிக்கை வரும் நாளில் என்ன செய்வார் என்பது பெரிய கவலை.

இது நமக்கும் தூரத்துச் செய்தி இல்லை. 2023 நவம்பருக்கும் 2025 பிப்ரவரிக்கும் இடையே இந்திய எல்லைப் பகுதிகளில், பெரும்பாலும் அமிர்தசரஸ், ஜம்மு வட்டாரங்களில், 465 ஜிபிஎஸ் குறுக்கீடுகள் பதிவானதாக நாடாளுமன்றத்தில் அரசு தெரிவித்தது. 2025 இறுதியில் டெல்லியில் இறங்கவந்த விமானங்கள் பொய்ச் சமிக்ஞையைச் சந்தித்ததை உறுதிசெய்தபோது, இத்தகைய புகார் வந்த நகரங்களில் சென்னையும் உண்டு என்றது அரசு.

இந்தப் புகார்களை வாங்கிப் பதிவு செய்யும் நடைமுறையை விமானப் போக்குவரத்து இயக்குநரகம் கொண்டுவந்தது சரியான காரியம். அது இன்னும் மூன்று படி ஏற வேண்டும். முதலாவது, பிழையான எண்ணைத் தடுக்கும் மென்பொருள் மேம்பாடு சந்தைக்கு வந்தால், குறிப்பிட்ட தேதிக்குள் எல்லா விமானங்களிலும் அது ஏற வேண்டும் என்று கட்டாயமாக்குவது. இரண்டாவது, பாதையிலோ தரவிலோ ஓர் இலக்கம் மாறினாலும் அது விமானியின் காதுக்குப் போய்ச் சேர்ந்ததற்கு ஆதாரம் கேட்பது. காலின்ஸுக்குக் கிடைக்காமல் போனது அந்த ஒரு வரித் தகவல்தான். மூன்றாவது, தன் கைப்பிழையைத் தானே வந்து சொல்லும் விமானிக்கும் பொறியாளருக்கும் தண்டனை இல்லை என்ற உறுதியைச் சட்டமாக எழுதிவைத்து, அப்படி வரும் தகவல்களைப் பெயர்களை நீக்கி ஆண்டுதோறும் மக்கள் பார்வைக்கு வெளியிடுவது. மறைத்தவருக்குத் தண்டனை இருக்கட்டும்.

இவற்றோடு தரையில் நிற்கும் பழைய வானொலி வழிகாட்டி நிலையங்களையும் காக்க வேண்டும். செயற்கைக்கோள் வந்தபின் அவை செலவு என்று பல நாடுகள் எண்ணிக்கையைக் குறைத்தன. குறைந்தபட்ச வலையமைப்பை வைத்திருப்பதாக இந்திய அரசு சொல்கிறது. அந்தக் குறைந்தபட்சம் இனிமேல் சுருங்கக் கூடாது. அவற்றை மட்டுமே வைத்துப் பறக்கும் பயிற்சியும் ஒவ்வொரு விமானிக்கும் சிமுலேட்டரில் தவறாமல் தரப்பட வேண்டும்.

சென்னை விமான நிலையத்தின் வழிகாட்டி நிலையம் இன்றும் மோர்ஸ் ஒலியில் தன் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. இரண்டு நீள ஒலி, மறுபடி இரண்டு நீள ஒலி, பிறகு மூன்று குறில் ஒரு நெடில்: எம், எம், வி. வங்கக் கடலுக்கு மேல் திரையிலுள்ள வரைபடம் நழுவும்போது, விமானி காதைத் தீட்டிக் கேட்டு, 'நான் வந்துகொண்டிருப்பது சென்னைக்குத்தான்' என்று உறுதி செய்துகொள்ள அந்த ஒலி இருந்தாக வேண்டும்.